பழைய சேலையும் புதுப் பையும்

பழைய சேலை, சட்டை, ஜீன்ஸ், பனியன் இவற்றை வெட்டித் தைத்துக் கைப்பை, சுருக்குப்பை, பெல்ட், முடிக்குப் போடும் பேண்டு, துணிக் கம்மல், வளையல் என்று செய்கிற வேலை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் விற்பனை மேசைகளில் பார்க்கலாம். கல்லூரிக் கண்காட்சிகளில் பார்க்கலாம். பெருநகரத்து விலையுயர்ந்த கடைகளில் கண்ணாடிக்குப் பின்னாலும் பார்க்கலாம். இதைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், குப்பை குறைகிறது என்பது. வேலை நல்ல வேலைதான். அந்தக் காரணம்தான் நிற்காது என்று சொல்லவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். பழைய துணியில் செய்த ஒரு பை எப்போது எதையாவது மிச்சப்படுத்துகிறது? ஒருவர் கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு பை வாங்கியிருப்பார், இது கையில் இருப்பதால் வாங்கவில்லை என்னும்போது மட்டும். அப்படி நடக்க வேண்டுமானால் அந்தப் பை நாலைந்து வருஷமாவது உழைக்க வேண்டும். ஜிப் மக்கர் பண்ணக் கூடாது, கைப்பிடி பிய்ந்து வரக் கூடாது, பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும். ஆக இந்த வேலையின் சூழல் நியாயம் முழுவதும் தையலின் தரத்தில் இருக்கிறது. தரம் தையல்காரரின் தேர்ச்சியில் இருக்கிறது, தேர்ச்சி நிலைப்பது கூலியில் இருக்கிறது. இந்த மூன்றையும் பேசாமல் குப்பையை மட்டும் பேசுவது இந்த வேலைக்கே கெடுதல் என்பது என் வாதம்.

முதலில் குப்பைக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஃபேஷன் ஃபார் குட் என்ற அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் ஆண்டுதோறும் சேரும் துணிக் கழிவு ஏறத்தாழ 78 லட்சம் டன் என்கிறது. ஆலையில் விழுவது, தையல்கூடத்தில் விழுவது, வீடுகளில் உடுத்திக் கழிப்பது, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குவது எல்லாம் இதில் அடக்கம். உடுத்திக் கழித்த உள்நாட்டுத் துணி மட்டும் ஏறக்குறைய பாதி. ஒரு கைப்பைக்கு 200 கிராம் துணி போகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு டன் துணியில் 5,000 பை வரும். அந்தப் பாதியை மட்டும் பையாக்கினால் வருஷத்துக்கு 1,950 கோடிப் பை. பச்சைக் குழந்தை உட்பட ஆளுக்குப் பதினாலு பை, அதுவும் ஒவ்வொரு வருஷமும்! கைத்தொழில் எதுவும் இந்த மலையைக் கரைக்காது, கரைக்கும் என்று சொல்லி அதன் தலையில் பாரத்தை ஏற்றவும் கூடாது. கழிவு என்பது உற்பத்தியின் அளவு சார்ந்த பிரச்சினை. எலன் மெக்கார்தர் அறக்கட்டளையின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, உலக ஆடை உற்பத்தி 2000த்துக்கும் 2015க்கும் நடுவில் ஏறத்தாழ இரண்டு மடங்கானதாகவும், ஓர் ஆடையை எத்தனை முறை உடுத்துகிறோம் என்பது அதே காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாகவும் சொல்கிறது. குழாயை இவ்வளவு திறந்துவிட்ட பிறகு கீழே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, நீங்கள்தான் வெள்ளத்தை நிறுத்த வேண்டும் என்பது நியாயமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டில் பழைய துணி வீட்டிலிருந்து நேரே குப்பைமேட்டுக்குப் போவதில்லை. அக்காவின் பாவாடை தங்கைக்குப் போகும். நூல் சேலை தூளியாகும், அதன் பிறகு குழந்தைக்கு அடியில் விரிக்கும் துணியாகும். வேட்டி விளக்குத் திரியாகும், அடுப்படியில் பிடிதுணியாகும், கடைசியில் தரை துடைக்கும். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். வொர்க்ஷாப்புகளும் அச்சகங்களும் எண்ணெய், மை துடைக்கப் பழந்துணியைக் கிலோக் கணக்கில் வாங்குகின்றன. டெல்லியில் குஜராத்தின் வாக்ரி சமூகத்துப் பெண்கள் வீடு வீடாகப் பாத்திரம் கொடுத்துத் துணி வாங்கிச் சந்தையில் சேர்க்கும் வலையைப் பின்தொடர்ந்து லூசி நோரிஸ் என்ற மானிடவியலாளர் 2010இல் ஒரு நூலே எழுதினார். பானிபட்டில் மேலைநாட்டுப் பழைய கம்பளி உடைகளைக் கிழித்து, பஞ்சாக்கி, மறுபடி நூற்று, வெள்ளமும் நிலநடுக்கமும் வந்த இடங்களுக்குப் போகும் மலிவான போர்வைகள் நெய்தார்கள். இப்படி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலியிலிருந்து ஒரு நல்ல நூல் சேலையை எடுத்துப் பையாக்கினால், குப்பையிலிருந்து எதையும் மீட்டதாக ஆகாது. ஓர் உபயோகத்திலிருந்து இன்னோர் உபயோகத்துக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். மாற்றம் மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்பது, மாற்றியபின் கிடைத்த பொருள் எவ்வளவு காலம் எதற்குப் பதிலாக உழைக்கிறது என்பதைப் பொறுத்தது.

துணிப்பை என்றாலே நல்லது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் புதுப் பருத்தியில் நெய்த பையின் கணக்கு நாம் நினைக்கிற அளவுக்கு லேசானதல்ல. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, தட்பவெப்பப் பாதிப்பை மட்டும் பார்த்தால் ஒரு சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். ஆய்வில் எடுத்துக்கொண்ட எல்லா வகைப் பாதிப்புகளையும் பார்த்தால் 7,100 முறை. இந்த இரண்டாவது எண்ணை ஓசோன் பாதிப்பு என்ற ஒரே அளவுகோல்தான் இப்படி ஏற்றிவிடுகிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு, அந்தக் குறையில் நியாயமும் உண்டு. பிளாஸ்டிக் கடலுக்குப் போய்ச் செய்யும் கேட்டை அந்த ஆய்வு அளக்கவுமில்லை. ஆனால் 52 என்ற எண்ணைத் தள்ளிவிட முடியாது. பருத்தி விளைய நீர், உரம், பூச்சிமருந்து. நூற்க, நெய்ய, சாயம் போட மின்சாரமும் ரசாயனமும். துணி பிறக்கும்போதே இவ்வளவு கடனோடுதான் பிறக்கிறது. பத்து வருஷம் உடுத்திய சேலையின் கடன் உடுத்தியே தீர்ந்துவிட்டது. அதிலிருந்து வெட்டிய பைக்குத் தையலுக்கான மின்சாரமும் லைனிங்கும்தான் செலவு. பழைய துணிக்குப் புதுத் துணியைவிட உள்ள உண்மையான மேன்மை இதுதான். எனினும் இந்த மேன்மை தானாக நிறைவேறுவதில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஏற்கெனவே பத்துத் துணிப்பை தொங்கும் வீட்டுக்குப் பழைய சேலையில் தைத்த பதினோராவது பை வந்தால், அது யாருடைய கடனையும் அடைக்கப்போவதில்லை.

பழந்துணி வேலை புதிய கொள்முதலை உண்மையிலேயே தடுத்த ஒரு காலம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் 1941 ஜூன் 1 அன்று துணிக்குப் பங்கீடு கொண்டுவந்தது. முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன். 1943இல் வர்த்தக வாரியம், இருப்பதைச் சீர்செய்து உடுத்தச் சொல்லிக் கையேடு போட்டது. தேய்ந்த சட்டையை எப்படிப் பிரிப்பது, ஆண்களின் உடையைப் பெண்களுக்கு எப்படித் திருப்பித் தைப்பது என்றெல்லாம் அதில் படத்தோடு சொன்னார்கள். கூப்பன் தீர்ந்தால் புதுத் துணி கிடையாது என்பதால் தைத்த ஒவ்வொன்றும் நேரடியாக ஒரு புதுப் பொருளின் இடத்தைப் பிடித்தது. 1949இல் பங்கீடு நீங்கியது. இன்று நமக்குக் கூப்பன் இல்லை, விருப்பப்பட்டால் கைப்பேசியில் விரலை நகர்த்தி நாளைக்கே ஒரு பையை வாசலில் இறக்கலாம். அன்று சட்டம் செய்த வேலையை இன்று தையல்தான் செய்ய வேண்டும். அதாவது அந்தப் பொருள் தன் அழகாலும் உறுதியாலும் போட்டியில் ஜெயித்தாக வேண்டும். வேறு வழி அதற்கு இல்லை.

ஜெயிக்க முடியுமா என்றால், துணி எப்படித் தேய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். துணி ஒரேயடியாகச் சாவதில்லை, இடம் இடமாகச் சாகிறது. நூல் சேலையில் முதலில் போவது தரையில் உரசும் கீழோரம். அதற்காகத்தான் ஃபால்ஸ் அடிக்கிறோம்; ஃபால்ஸைப் பிரித்துப் பார்த்தால் அது மூடியிருந்த உட்பக்கம் நிறம் மங்காமல் இருக்கும். அடுத்து, இடுப்பில் செருகிக் கசங்கும் கொசுவப் பகுதி. பிறகு தோளில் பின் குத்திக் குத்தி இழை விட்ட இடம். தலைப்பும் மேல்கரையும் கடைசிவரை நிற்கும். பட்டுச் சேலையின் எதிரி உடுத்துவதைவிட மடிப்புதான். ஒரே மடிப்பில் பீரோவில் வருஷக்கணக்காக வைத்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும். நடுவில் உள்ள சதுரங்கள் முழுசாக இருக்கும். ஆண்களின் சட்டையில் காலரும் கஃப்பும் நைந்தாலும் முதுகுப் பகுதி புத்தம் புதுசு. ஜீன்ஸில் முழங்காலும் தொடையும் போன பிறகும் கெண்டைக்காலைச் சுற்றிய துணி கித்தான் போலக் கெட்டியாக நிற்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நைந்த இடம் சல்லடையாகத் தெரியும், இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் இற்ற இடம் சத்தமில்லாமல் விடும். ஆகவே பழைய ஆடையில் மிஞ்சுவது பெரிய பரப்பு அல்ல. அங்கங்கே சாண் அகலம், முழ நீளம் என்று சிதறிக் கிடக்கும் நல்ல துண்டுகள். அவற்றைச் சேர்த்து இன்னோர் ஆடை தைத்தால், உடல் அசையும்போதெல்லாம் பலவீனமான இடம் இழுபடும். கைப்பைக்கும் சுருக்குப்பைக்கும் பெல்ட்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை, அவற்றின் அளவே அந்தத் துண்டுகளின் அளவு. பழைய துணி பெரும்பாலும் சின்னப் பொருளாக மாறுவதை வெறும் மோஸ்தராக நினைக்க வேண்டாம். துணியின் தேய்மானமே அந்த அளவைத் தீர்மானிக்கிறது.

எங்கே வெட்டுவது என்பதற்கும் நெசவு தெரிய வேண்டும். காஞ்சிபுரத்தின் கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு ஊடை, உடலுக்கு ஒரு ஊடை. இரண்டையும் நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துப் போவார்கள், அதற்கு நெசவாளரோடு ஓர் உதவியாளும் தறியில் உட்கார வேண்டும். அந்தக் கரையை பெல்ட்டுக்கோ பையின் விளிம்புக்கோ எடுக்கிறவர், இரண்டு நிறமும் சேரும் கோட்டிலேயே கத்தரியை வைத்தால் கோத்த இடம் அவிழ ஆரம்பிக்கும். உடல் பக்கம் ஓர் அங்குலம் விட்டு வெட்டி, அதை உள்ளே மடித்தால் நிற்கும். பனியன் துணிக்கு வேறு ஞானம். திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரத்தில் குழாயாக இறங்கும் துணியில் தைத்த டி-ஷர்ட்டுக்குப் பக்கத் தையல் இருக்காது. அக்குளுக்குக் கீழே உள்ள அந்தக் குழாயைச் சுருளாக வெட்டிக்கொண்டே போனால் அறுபடாத ஒரே நாடா கிடைக்கும். அதை இழுத்துவிட்டால் இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு உருண்டையான கயிறாகும், பிசிறும் வராது. குரோஷா ஊசியில் பை பின்னவும், பின்னி மாலையாகக் கழுத்தில் போடவும் இதைவிட எளிதான பொருள் கிடையாது. இதே டி-ஷர்ட்டைச் சேலை போல நினைத்துச் சதுரமாக வெட்டித் தைத்தால் மிஷினில் நெளிந்து நாசமாகும். பல பயிற்சி வகுப்புகளில் புதுத் துணியை மேசையில் விரித்து அளவெடுக்கத்தான் கற்றுத்தருகிறார்கள். பழந்துணியின் பாடம் அதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. துணி முதலில், அளவு பிறகு.

இந்த வேலையை உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் வங்காளத்துப் பெண்கள். தேய்ந்து மிருதுவான வேட்டிகளையும் சேலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால், ஊசி உள்ளே போய் வெளியே வரும் எளிய ஓட்டத் தையலை ஆயிரக்கணக்கில் போட்டுத் தைத்தது காந்தா. போர்வை என்றே அதை நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் காந்தாவில் சின்னப் பொருட்களும் இருந்தன. கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்க நீளமான 'ஆர்ஷிலதா', சதுரத் துணியின் மூன்று மூலைகளை நடுவுக்கு மடித்துத் தைத்துப் பணமும் சில்லறைப் பொருளும் வைக்கும் 'துர்ஜனி', கைக்குட்டைக்கு 'ருமால்'. இன்று நாம் புதுமை என்று கண்காட்சியில் வைக்கும் பழந்துணிப் பர்ஸ் வங்காளத்துக் கிராம வீடுகளில் பழக்கமான பொருள். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் ஊர் ஊராகத் திரட்டிய காந்தாக்கள் கொல்கத்தாவுக்கு அருகே ஜோகாவில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேர்த்தவை ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் தாமரை, மீன், யானை, பல்லக்கு, ரயில்கூட வருகிறது. என் வாதத்துக்கு வேண்டியது அந்தப் படங்களைவிட அந்தத் தையலின் வேலை. நைந்த துணியின் ஒரு சுற்றைத் தனியாக இழுத்தால் கிழியும். நாலைந்து சுற்றை நெருக்கமான தையலால் கட்டிவிட்டால் இழுவிசை எல்லாத் தையலுக்கும் பங்காகிப் போய்விடுகிறது. ஓர் இடத்தில் இழை விட்டாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். துணி பழசாக இருப்பதால்தான் ஊசி அத்தனை சுற்றிலும் சிரமமில்லாமல் இறங்குகிறது. அழகுக்குப் போட்டதாகத் தெரியும் தையலே உறுதிக்குப் போட்டதும். இரண்டையும் பிரித்தால் காந்தா இல்லை.

சந்தை இரண்டையும் பிரித்துவிட்டது. கடைகளில் இன்று காந்தா என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி புது டஸ்ஸர் பட்டிலும் புதுப் பருத்தியிலும் போட்ட தையல் வேலை. அதில் பழந்துணி கிடையாது. இன்னொரு பக்கம் வெளிநாட்டுக்குப் போகும் 'வின்டேஜ்' விரிப்புகளில் பழைய சேலை இருக்கிறது, தையலோ அரை அங்குலத்துக்கு ஒன்றாக அகலமாக ஓடுகிறது. முதலாவதில் பெண்களுக்கு வேலை கிடைக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது இரண்டு சலவைக்கு மேல் தாங்காது, அதைத்தான் நாம் சூழலுக்கு நல்லது என்று முத்திரை குத்தி விற்கிறோம்.

இங்கே முதல் மறுப்பு வரும். நெருக்கமாகத் தைக்கச் சொல்கிறீர்கள், நல்ல ஜிப் வைக்கச் சொல்கிறீர்கள், அப்புறம் அந்த விலையில் யார் வாங்குவார்கள்? கணக்கை ஒளிக்காமல் போடுவோம். துணி இலவசம் என்பது பாதி உண்மை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நூறு சுற்றுத் துணியை அடுக்கி ஒரே வெட்டில் நூறு பையின் பாகங்களை எடுக்கிறார்கள். பழந்துணியில் ஒவ்வொரு துண்டும் தனி. துவைத்து, சாயம் விடுகிறதா என்று பார்த்து, பழைய தையலைப் பிரித்து, நல்ல இடம் தேடி வெட்டுவதற்கே, தைக்கும் நேரத்துக்குச் சமமான நேரம் போய்விடும். உதாரணத்துக்கு ஒரு பைக்கு மூன்று மணி நேரம், மணிக்கு 100 ரூபாய் கூலி என்று வைத்தால் கூலியே 300. கேன்வாஸ், லைனிங், ஜிப், நூல் 80. கடைக்காரர் பங்கையும் சேர்த்தால் 600க்குக் குறையாது. பக்கத்திலேயே ரெக்சின் பை 250க்குத் தொங்கும். இந்த இடைவெளியைக் குறைக்க எளிய வழி கூலியில் கை வைப்பது. பல இடங்களில் நடப்பதும் அதுதான். வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறார்கள் என்று சொல்லி மூன்று மணி நேர வேலைக்கு ஒரு டீ வடைக் காசு கொடுப்பது. அதன் விளைவை அந்தப் பையிலேயே பார்க்கலாம்: கேன்வாஸ் இருக்காது, கைப்பிடி ஒற்றைத் தையலில் நிற்கும், ஓவர்லாக் போட்டிருக்க மாட்டார்கள். ஆறு மாசத்தில் அது பிய்ந்து, வாங்கியவர் ரெக்சின் பையே வாங்கிக்கொள்வார். கூலியைக் குறைத்தபோதே சூழல் நியாயமும் போய்விட்டது. மறுபக்கம், 250 ரூபாய்ப் பை ஒரு வருஷமும் 600 ரூபாய்ப் பை நாலு வருஷமும் வருமானால், வருஷத்துக்கு 150 ரூபாய்ப் பைதான் மலிவு. தேய்ந்துபோன பொருளிலிருந்து நல்ல விலைக்குப் பொருள் செய்து நிலைக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. ஸூரிக்கில் மார்கஸ், டேனியல் ஃப்ரைடாக் என்ற சகோதரர்கள் 1993இல் பழைய லாரித் தார்ப்பாயிலும் கார் சீட் பெல்ட்டிலும் பை செய்ய ஆரம்பித்தார்கள். தார்ப்பாயின் எந்தப் பகுதி எந்தப் பைக்கு என்பதைக் கண்ணால் பார்த்துக் கையால் வெட்டுகிறார்கள், ஒரு பை போல இன்னொன்று இருக்காது, விலையும் கொஞ்சநஞ்சமல்ல. வாங்குகிறவர்கள் குப்பைமீதான இரக்கத்தால் வாங்கவில்லை, மழையில் புத்தகம் நனையாது என்பதால் வாங்கினார்கள். சுவிட்சர்லாந்தின் வாங்கும் சக்தி நமக்கு இல்லை என்பது சரிதான். அதனால் விலையின் எல்லை மாறும், உழைக்காத பை தோற்கும் என்ற விதி மாறாது.

எல்லாச் சின்னப் பொருளுக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. துணிக் கம்மல்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அதைப் போடுகிறவர் வேறெதையும் வாங்காமல் விடுவதில்லை. பத்தோடு பதினொன்றாகப் போடுகிறார். பை வெட்டிய பிறகு மிஞ்சும் விரலகலத் துண்டுக்கு அது ஒரு வழி, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்காக ஒரு முழுக் கண்டாங்கியின் கரையை அறுப்பது அநியாயம்.

அடுத்த மறுப்பு கனமானது. பழைய துணியைக் கொண்டாடுவது வசதியுள்ளவர்களின் விளையாட்டு, ஒட்டுப்போட்ட துணியை வறுமையால் உடுத்தியவர்களுக்கு அதில் அழகு தெரிந்ததில்லை என்பது. ஜப்பானின் ஹொன்ஷு தீவின் வடகோடியில் ஆமோரி பகுதியில் குளிரால் பருத்தி விளையாது. மேற்கு ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழந்துணியை அங்கே தலைமுறைக்குத் தலைமுறை ஒட்டுமேல் ஒட்டாகப் போட்டு உடுத்தினார்கள். துணியை நாடாவாகக் கிழித்து ஊடையாக வைத்து மறுபடி நெய்து இடைவாரும் வேலை உடுப்பும் ஆக்கினார்கள். பிற்காலத்தில் அந்த உடைகளை வெளியே காட்டவே கூச்சப்பட்டார்கள். தனாகா சூஸாபுரோ என்ற ஆய்வாளர் வீடு வீடாகப் போய்ச் சேகரித்திருக்காவிட்டால் பெரும்பகுதி எரிந்திருக்கும். இன்று 'போரோ' எனப்படும் அதே துணி சேகரிப்பாளர்களிடம் பெரும் விலைக்குப் போகிறது, அதைப் பார்த்துப் புதுத் துணியைக் கிழித்து ஒட்டுப்போட்டு விற்கும் உடைநிறுவனங்களும் உண்டு. இந்தப் போலி வறுமையை நானும் வெறுக்கிறேன். நம் ஊரில் விஷயம் இன்னும் கசப்பானது. பண்ணையார் வீட்டுப் பழைய வேட்டியும் சேலையும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேலைக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டன. வாங்கிக்கொள்கிறவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லை. பழந்துணி மேலிருந்து கீழே இறங்கும் பாதையில் சாதியும் கூடவே இறங்கியது. ஆகவே பழசை உடுத்துங்கள் என்ற உபதேசத்தைக் கேட்டு முகம் சுளிப்பவர் மூடர் அல்ல, அவர் முன்னோர் அதை அனுபவித்திருக்கிறார்கள். பை இங்கே ஒரு வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது. இன்னொருவர் உடுத்திய ரவிக்கையை உடுத்தத் தயங்குகிறவர், அதே துணியில் செய்த பையைத் தயக்கமின்றித் தோளில் மாட்டுகிறார். உருவம் மாறிவிட்டது, உடலோடு ஒட்டுவதுமில்லை. அதைவிட முக்கியம், திசை மாறுகிறது. இனாமாகக் கீழே இறங்கிய துணி, வேலை தெரிந்த ஒருவர் கைப்பட்டு, விலைக்கு மேலே போகிறது. கொடுத்த வீட்டுக்காரரே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. ஏழைப் பெண்கள் செய்தது, ஆதரியுங்கள் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் மட்டும் இந்தத் திசை மறுபடி பழைய பக்கம் திரும்பிவிடும். யார் தைத்தார், எத்தனை மணி நேரம் ஆனது, என்ன துணி என்று எழுதினால் போதும்.

உடுத்தத் துணியில்லாதவர்கள் இருக்கும்போது நல்ல துணியை வெட்டுவது சரியா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: சரியில்லை. உடுத்தக்கூடியதை முதலில் உடுத்த வேண்டும். அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு இந்த வரிசையைக் கறாராகப் பின்பற்றுகிறது. உடுத்தக்கூடியவை கிராமங்களுக்குப் போகின்றன, அதுவும் பிச்சையாக அல்ல. கிணறு வெட்டுவது, சாலை போடுவது போன்ற ஊர் வேலைக்கு ஈடாக. உடுத்த முடியாத பருத்தியைச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாக்குகிறார்கள், எஞ்சியவற்றிலிருந்து பையும் பாயும் வருகின்றன. முதலில் டார்னிங், பிறகு மாற்றித் தைத்தல், கத்தரி கடைசியில் என்ற ஒழுங்கு வீட்டுக்கும் பொருந்தும். ஆனால் பட்டுச் சேலையில் கத்தரியையே வைக்கக் கூடாது, அது பாரம்பரியம் என்று வாதிடுகிறவர்கள், வைக்காவிட்டால் அது எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இற்றுப்போன பழைய பட்டுக்கு விலை கொடுக்கும் வியாபாரி ஜரிகையில் உள்ள வெள்ளிக்குத்தான் விலை கொடுக்கிறார். சேலையை எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளியை எடுக்கிறார்கள். இரண்டு பேர் தறியில் உட்கார்ந்து கோர்வை கோத்த கரை சில நிமிஷத்தில் சாம்பல். அந்தக் கரையை ஒரு சுருக்குப்பையின் வாயில் வைத்துத் தைப்பது பாரம்பரியத்துக்கு அதைவிடப் பெரிய அவமானமாக எனக்குப் படவில்லை.

நான் இதுவரை பேசியதெல்லாம் பருத்தியும் பட்டும். இனி வரப்போகும் பழைய துணி அதுவல்ல. உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் இப்போது பாலியஸ்டர். பருத்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வீட்டில் அன்றாடம் உடுத்தும் சேலையும் நைட்டியும் சுடிதாரும் பெரும்பாலும் அந்தப் பாதியிலிருந்து வருகின்றன. பாலியஸ்டர் இற்றுப்போகாது, ஆகவே இடம் இடமாகச் சாகும் என்ற விதி அதற்குப் பொருந்தாது. சலித்துப்போய்க் கழிக்கும்போதும் அது முழுசாகவே இருக்கும். தண்ணீர் குடிக்காது, திரிக்கும் துடைப்பதற்கும் தூளிக்கும் உதவாது, அதனால் நான் முன்னே சொன்ன வீட்டுச் சங்கிலியில் அதற்கு இடமில்லை. வழுக்கும், ஆகவே காந்தா போல அடுக்கித் தைத்தால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும். சூடான கத்தியால் வெட்டினால் ஓரம் உருகி அடைபட்டு, பிசிறே வராது. மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். வெயிலில் நிறம் அவ்வளவாகப் போகாது. இந்தக் குணங்களுக்கேற்ற வெட்டும் தையலும் பொருளும் எவை என்று தையல் பயிற்சி நிலையங்களிலும் வடிவமைப்புக் கல்லூரிகளிலும் யாராவது உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும். மாணவிகள் பயிற்சிக்குத் தேடிக்கொண்டு வரும் பழைய கைத்தறிச் சேலை இன்னும் கொஞ்ச காலத்துக்குத்தான் கிடைக்கும். பாலியஸ்டர் சேலை எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.